எதிர்பார்த்தது ஒன்று

எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது இரண்டு என்று திரை சிவப்பெழுத்தில் சொன்னது.

காலை பத்தேகால் மணி. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கோ எழுத்துப் பிழை என்று நினைத்தாள். மழை வரலாமா வேண்டாமா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்ததால் பகலிலேயே மேசை விளக்கைப் போட்டிருந்தாள். பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த மகன் இருமினான். பள்ளிக்கு விடுப்புச் சொல்லியாகிவிட்டது, காலை வேளை மருந்தும் கொடுத்தாகிவிட்டது. ஊருக்கெல்லாம் மருந்து விற்கும் கணவன், வீட்டில் காய்ச்சல் வரும் நாளாகப் பார்த்துத்தான் பயணத்தில் இருப்பான்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. பள்ளிகளுக்காக ஓர் இணையதளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் உள்ளே நுழைந்தால் தங்கள் பிள்ளையின் வகுப்பு, உயரம், எடை, தடுப்பூசி எல்லாம் தெரியும். ஒருத்தியின் பக்கத்தில் இன்னொருத்தியின் பிள்ளை வந்து நின்றுவிடக் கூடாது. அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் பொறுப்பு. காலியான தரவுத்தளத்தில் கற்பனையாக ஒரு தாயை உண்டாக்குவாள். அந்தத் தாய்க்கு ஒரு பிள்ளையை உண்டாக்கி இருவரையும் இணைப்பாள். பிறகு, இந்தத் தாயின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பாள். ஒன்று என்று பதில் வந்தால் பச்சை. வேறு எது வந்தாலும் சிவப்பு. சோதனையை மூடிய நொடியில் தாயும் பிள்ளையும் சுவடில்லாமல் துடைக்கப்படுவார்கள்.

கற்பனைத் தாய்க்குத் தன்னுடைய விவரங்களையும் கற்பனைப் பிள்ளைக்கு மகனுடைய விவரங்களையும் போட்டு வைத்திருந்தாள். யோசிக்காமல் அடிக்கலாம் என்ற சோம்பேறித்தனம்தான். மகனுக்கு வீட்டுப் பெயர் சுண்டு. பிறந்த அன்று கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கையை விட்டபோது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றவன். அந்தப் பெயரையே பதிவிலும் போட்டிருந்தாள். வயது ஆறு. எடை இருபத்தொரு கிலோ.

அலுவலகத்தில் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: வரிசை அக்கா. புதிதாக வரும் பிள்ளைகள் தரவுத்தளத்திடம் ‘முதல் பதிவைக் கொடு’ என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். அவள் திருப்பி அனுப்புவாள். எந்த வரிசையில் முதல்? வயதிலா, பெயரிலா? வரிசை சொல்லாமல் முதலாவதைக் கேட்டால் அது கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டும். நூறு முறை எழுதியிருப்பாள் இதை. பின்னால் சிரிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய மேலதிகாரிக்குப் பச்சைக்கிளி என்று பெயர். சோதனைகள் பச்சையா, பச்சையா என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வராது. இன்று மூன்று மணிக்கு அவர் மேலிடத்தில் தளத்தைக் காட்ட வேண்டும். எண்பத்துநான்கு சோதனைகளில் எண்பத்துமூன்று பச்சை. இது மட்டும் சிவப்பு.

அதிகமாக வந்த அந்த ஒன்று யார் என்று அவள் திறந்து பார்த்தாள்.

பெயர்: காலி. பதிவு எண்: காலி. வகுப்பு: காலி. தாய் என்ற கட்டத்தில் மட்டும் அவளுடைய எண். பிறந்த தேதி சுண்டுவினுடையது. எடை 2.1.

பச்சைக்கிளியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

“அநாதைப் பதிவா இருக்கும்மா,” என்றார். தாயின் பதிவு போய், பிள்ளையின் பதிவு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் தொழிலில் அதற்கு அப்படித்தான் பெயர். எத்தனையோ முறை அவளும் வாய் கூசாமல் சொன்ன வார்த்தை.

“இல்ல சார். இதுக்கு அம்மா இருக்கு.”

“யாரு?”

சோதனைக்காக உண்டாக்கிய தாய்தான் என்று சொன்னாள். பசங்களில் எவனோ பழையதைத் துடைக்காமல் விட்டிருப்பான், நீக்கித் தொலையுங்கள் என்று அவர் வைத்துவிட்டார்.

2.1. அந்த எண்ணை அவள் இதற்கு முன் ஒரே ஒரு காகிதத்தில் பார்த்திருக்கிறாள்.

அன்று பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தது பத்து நாற்பத்திரண்டுக்கு வந்தது. சுண்டு அதற்கு நான்கு நிமிடம் பின்னால். மூத்தது அழவில்லை. யாராவது அழட்டும் என்று அறை முழுவதும் காத்திருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. பிறகு நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று கண்ணின் ஓரத்தில் வந்து நின்றது. ஸ்பிரிட் வாசனை. அதை ஏந்தியிருந்த செவிலி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “ஒரு தடவை பாத்துடுறீங்களாம்மா?”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பார்த்துவிட்டால் மற்றதைப் பார்க்க முடியாது என்று அப்போது தோன்றியது. துண்டு சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது. அன்றிலிருந்து எந்தப் படிவத்தில் எத்தனை குழந்தைகள் என்று கேட்டாலும் ஒன்று என்று எழுதினாள். கணவன் ஒரே ஒரு முறை பேச்செடுத்தான். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அதற்குப் பெயர் வைக்கவில்லை. மனதுக்குள் மட்டும், யாருக்கும் கேட்காமல், முதல் பிள்ளை என்று சொல்லிக்கொள்வாள்.

சோதனையை மறுபடி ஓட்டினாள். இரண்டு.

இந்த முறை இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். பெயரில்லாததன் எடை 7. சுண்டுவின் எடை 14. அவள் கோப்பில் எழுதியிருந்தது இருபத்தொன்று. எழுதியது அப்படியேதான் இருந்தது. பதினான்கை யாரும் எங்கும் எழுதவில்லை. கூட்டிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

“அம்மா, குளிருது.”

சுண்டு கட்டிலின் விளிம்பில் சுருண்டு கிடந்தான். இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் கீழே விழுவான். கட்டிலின் மற்ற பாதி அகலமாக, சுருக்கமில்லாமல் காலியாக இருந்தது.

“ஏன்டா கண்ணா ஓரத்துல தொங்கற?”

“அங்க ஈரமா இருக்கு.”

தலையணையின் மறுபக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. காய்ச்சல் பிள்ளை, வியர்த்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் கையை முகர்ந்தபோது வியர்வை வாசனை இல்லை. மூக்கின் உச்சியில் ஏறும் அந்தப் பழைய ஸ்பிரிட் வாசனை. சுண்டுவைத் தூக்கிக் குளியலறை எடைக்கருவியில் நிறுத்தினாள். அவன் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ராஜா வேஷத்துக்கு டிரவுசர் பெரிசாப் போச்சு என்று சிரித்தான். அவனுக்கு எதிலும் ஒரு சிரிப்பு வேண்டும்.

முள் பதினான்கில் நின்றது.

அவனை மறுபடி படுக்க வைத்துப் பழுப்புப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கணவனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடி என்னவென்று சொல்வது? கணினி என் பிள்ளையைக் கரைக்கிறது என்றா?

பதினொன்றரைக்கு வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுத் தையல்காரி. போன மாதம்தான் குடிவந்தவள். பித்தான் தைக்கக் கொடுத்த சட்டையைக் கொண்டுவந்திருந்தாள். பையனுக்கு உடம்பு எப்படி என்று கேட்டாள். பிறகு கூரையைக் காட்டுவதுபோல விரலை உயர்த்தினாள்.

“தப்பா நினைக்காதீங்க. காலையிலேர்ந்து தலைக்கு மேல ஒரே ஓட்டம். ரெண்டு பசங்கள வெச்சுக்கிட்டு வேலையும் பாக்கறீங்களே, கஷ்டந்தான்.”

“எனக்கு ஒரே பையன்தான்,” என்றாள். ஆறு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உள்ளறையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அது நின்றபோதுதான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது புரிந்தது. ஈரக்காலின் சத்தம். நின்றுவிட்டது. கேட்கக் கூடாத ஒன்று காதில் விழுந்த பிள்ளை நடுக்கூடத்தில் நிற்பதுபோல ஒரு நிசப்தம். தையல்காரி அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் வரேன் என்று படியிறங்கினாள். இரண்டிரண்டு படியாகத் தாண்டி.

திரும்பி வந்தபோது திரையில் புதிய சிவப்பு வரி இருந்தது. இதை அவள் ஓட்டவில்லை.

பெயரில்லாதது 10. சுண்டு 11.

பச்சைக்கிளிக்கு மறுபடி போன். தலைமைக் கணினியில் சோதனையை அவர்தான் முடுக்கிவிட்டிருந்தாராம்.

“பச்சை ஆகுற வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவா ஓடும்மா. நீங்க திருத்திக்கிட்டே இருங்க.”

“நிறுத்துங்க சார்.”

“ஏன்?”

என்ன சொல்வாள்? பையனுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாள். அந்தச் சோதனையையே எடுத்துவிடுகிறேன் என்றாள். காலையில் எண்பத்துநான்கு இருந்தது, மதியம் எண்பத்துமூன்று எப்படி என்று மேலிடத்தில் கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். கடைசியில் குரல் இளகியது. “நீங்களா இப்படிப் பேசறீங்க? வரிசை அக்காவாச்சே. ஒரே ஒரு பதிவு. பாத்து நீக்கிட்டுப் பையனைக் கவனிங்க.”

பத்து நிமிடம்.

ஒரு வழி இருந்தது. சோதனையில் அவள் எழுதியிருந்த ‘எதிர்பார்ப்பது: 1’ என்பதை 2 என்று மாற்றிவிட்டால் போதும். உடனே பச்சை. சோதனை எழுதுகிறவர்கள் செய்யவே கூடாத திருட்டு வேலை அது. விடை தவறாக வருகிறது என்று கேள்வியைத் திருத்துவது. ஆனால் இங்கே தவறு எந்தப் பக்கம்? அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று என்று ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவள் அவள்தானே.

1ஐ அழித்தாள். 2 என்று எழுதினாள். பிள்ளைக் கணக்கில் அந்த எண்ணை எங்கும், எந்தக் காகிதத்திலும் அவள் எழுதியதில்லை. கண் நிறைந்து எழுத்துகள் கலங்கின. இருந்துவிட்டுப் போகட்டுமே. சுண்டு ஓரமாக, இடம் விட்டுத்தானே படுத்திருக்கிறான். ஒரு கட்டில் போதுமே இரண்டு பேருக்கு.

உள்ளே சுண்டு மூச்சு விடுவது கேட்டது. மெல்லியதாக, நடுவே நிறுத்தி நிறுத்தி.

ஓடிப்போய்த் தூக்கினாள். வேகமாகத் தூக்கிவிட்டாள், கனம் இருக்கும் என்று கை நினைத்திருந்தது. வெறும் தலையணையைத் தூக்கியதுபோல் அவன் மேலே வந்தான். பக்கத்தில் மெத்தை குழிந்திருந்தது. ஒரு சிறு உடம்பின் அளவுக்கு. ஆழமாக.

“அம்மா, எனக்கு ஏன் கால் கூசுது?”

“ஒண்ணுமில்லடா. அம்மா இப்ப சரி பண்ணிடறேன். இங்கயே இரு. எங்கயும் போகாத.”

“நான் எங்க போறேன்,” என்றான் சுண்டு. சிரிக்கப் பார்த்தான். பாதியில் களைத்துவிட்டது.

இருப்பது இருபத்தொன்றுதான். இரண்டு பேருக்குப் போதாது. அது வளர வளர இவன் குறைவான். 2ஐ அழித்தாள். மறுபடி 1.

அப்படியானால் நீக்க வேண்டும். அவள் கையால். அன்றைக்கு அது தானாகப் போனது. அவள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு அவள் அனுப்ப வேண்டும்.

அடுத்த ஓட்டத்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. எதைச் சொல்லி நீக்குவது? அதற்குப் பெயரில்லை, அவள் வைக்கவில்லை. எண்ணும் இல்லை. அதை அழைக்க அவளிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கண்ணைத் துடைத்தாள். பார்வை தெளியவில்லை. மன்னிச்சுடு கண்ணா, மன்னிச்சுடு என்று சொல்லிக்கொண்டே, ஒரு வரி எழுதினாள். இந்தத் தாயின் பிள்ளைகளில், முதல் பிள்ளையை, நீக்கு.

முதல் பிள்ளை.

பொத்தானை அழுத்தினாள்.

கூடத்தில் எதுவோ மெதுவாக, நீளமாக, மூச்சை வெளியே விட்டது. வெளியே தயங்கிக்கொண்டிருந்த மழை ஒரேயடியாகக் கொட்டத் தொடங்கியது.

பச்சை.

எதிர்பார்த்தது ஒன்று. கிடைத்தது ஒன்று.

அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஆறு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். தொலைபேசி மின்னியது. பச்சைக்கிளி ஒரு பச்சை இதயத்தை அனுப்பியிருந்தார். தலைக்குள் இருந்த இரைச்சல் மெல்ல அடங்கியது. ஈரக்கால் சத்தம் இல்லை. இருமலும் இல்லை. தூங்கிவிட்டான், நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டாள். எடை திரும்பியிருக்கும். இருபத்தொன்று. அதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. எஞ்சிய பதிவைத் திறந்தாள்.

எடை 21.

பெயர்: காலி.

கட்டத்தைச் சுட்டியால் தொட்டுப் பார்த்தாள். காலி. திரையைத் துடைத்துப் பார்த்தாள். காலி. பிறகு கண் மெதுவாக மேலேறி, தான் எழுதிய வரிக்குப் போனது. முதல் பிள்ளை. எந்த வரிசையில் முதல்? பிறந்த நேரப்படி என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நான்கு நிமிடம் மூத்தது என்பது அவளுக்குத் தெரியும். தரவுத்தளத்துக்கு எப்படித் தெரியும்? வரிசை சொல்லவில்லை.

அவள் வரிசை சொல்லவில்லை.

அது கைக்கு அகப்பட்டதை எடுத்திருந்தது.

“சுண்டு.”

மழைச் சத்தம்.

“சுண்டுக் கண்ணா.”

பதில் இல்லை. எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடம். ஈரத் தரை. குளியலறை வாசலில், இடுப்பில் நிற்காத அந்தச் சின்னக் கால்சட்டை, கழற்றியது போலில்லாமல், நின்ற இடத்திலேயே உள்ளிருந்தவன் இல்லாமல்போனதுபோல் வட்டமாக விழுந்து கிடந்தது. அவளைத் தேடி எழுந்து வந்திருக்கிறான். தாண்டினாள். அறை.

கட்டிலின் விளிம்பில் யாருமில்லை.

நடுவில் படுத்திருந்தது. நல்ல கனமாக. மெத்தை அதன் கீழ் அழுந்தியிருந்தது. போர்த்தியிருந்தது பழுப்புப் போர்வை இல்லை. வெள்ளைத் துண்டு. நீலக் கரை. ஆறு வயதுப் பிள்ளையின் நீளத்துக்கு வளர்ந்த துண்டு. அது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஓடவும் முடியவில்லை. இன்னொரு முறை சுண்டு என்று கூப்பிட்டாள். அசைவில்லை. அது அதனுடைய பெயர் இல்லை. அதற்குப் பெயரே இல்லை. எப்படிக் கூப்பிட்டால் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வெகுநேரம் சொல்லாமல் நின்றாள். எதிர்பார்த்தது ஒன்று. கிடைத்தது ஒன்று. இந்த வீட்டில் இனி அவளை அம்மா என்று கூப்பிட இருப்பது இது மட்டும்தான்.

“கண்ணா,” என்றாள். குரலே வரவில்லை.

கேட்டுவிட்டது.

துண்டுக்குள் தோள் அசைந்தது. தலை மெல்ல, காத்திருந்து காத்திருந்து மரத்துப்போன கழுத்தோடு, சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பியது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் பார்த்தாள். சுண்டுவின் நெற்றி. சுண்டுவின் காது. அவற்றின் நடுவே, பிறந்த நொடியிலேயே நின்றுபோன முகம். நீலம் பாரித்துச் சுருங்கிய கன்னங்கள். இன்றுவரை ஒருமுறைகூடத் திறந்திராத, ஒட்டிய இமைகள். அந்த இமைகள் அவள் நின்ற திசையைச் சரியாகக் கண்டுபிடித்தன.

பிறகு அது, தூக்கச் சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டியது.